மூன்றாவது வசனம்

"மறுபடி சொல்லுங்க" என்றான் அவன் ரேடியோவில்.

காற்றின் வேகம், திசை, அலையின் உயரம், மூன்றையும் சின்னவள் மறுபடி சொன்னாள். முதல் தடவையே அவனுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் அவள் உட்காரும் நாட்களில் எல்லாம் அவன் இப்படித்தான் ஒருமுறை கூடுதலாகக் கேட்பான். வீட்டில் மனைவியை வா, போ என்று பேசுகிறவன், ரேடியோவில் மட்டும் விதிப்படி 'சொல்லுங்க' என்று மரியாதையைக் கொட்டுவான். என் வாயால் உனக்கு மரியாதை கிடைக்கிற ஒரே இடம் அதுதானே, கொஞ்சம் சேர்த்தே வாங்கிக்கொள் என்று வீட்டுக்கு வந்து சிரிப்பான்.

அன்றும் கேட்டான். அன்றும் சொன்னாள்.

"கேட்டது. ஏறுகிறேன்" என்றான்.

வெளிக்கடலில் நின்ற கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணி தொங்கிக்கொண்டிருந்தது. படகில் போய், அந்த ஏணியில் ஏறி, கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று, கப்பலைப் பத்திரமாகத் துறைமுகத்துக்குள் கொண்டுவருவதுதான் பைலட்டின் வேலை. அவன் பைலட். பாதி ஏணியில் இருந்தபோது ஒரு அலை படகைத் தூக்கிக் கப்பலோடு சேர்த்து அடித்தது.

அதற்குப் பிறகு ரேடியோவில் பேசியவர்கள் எல்லாரும் வேறு ஆட்கள்.

●

அது நடந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. சின்னவள் அந்த அறைக்குத் திரும்பிப் போகவில்லை. அவள் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அவள் மாமியார் வீட்டிலேயே, கீழ்த்தளத்தில், அவன் இருந்தபோது இருந்த அதே அறையில் இருந்தாள்.

போன வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய இன்னொரு துறைமுகம். அங்கே கட்டுப்பாட்டு அறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, குடியிருக்க வீடும் தருவார்கள், வருகிறாயா என்று அந்த அலுவலகத்து அதிகாரியம்மாள் கேட்டார். வியாழன் மாலை ஐந்து மணி வரை உனக்காக வைத்திருப்பேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார்.

இன்று வியாழன்.

போக வேண்டும் என்று சின்னவளுக்கு இருந்தது. அதை வெளியே சொல்ல வழிதான் இல்லை. அந்த அறையில் அவள் வாய் திறந்தால் பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் காது கொடுக்கும். இந்த வீட்டில் அவளை யாரும் மறுபடி சொல்லச் சொன்னதில்லை. அவள் முதல் தடவை சொல்வதற்கு முன்பே பதில் தயாராக இருக்கும்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவர்களாக இருந்தால் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். அவள் தட்டில் எது குறைகிறது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறவர்களிடமிருந்து எப்படித் தப்பிப் போவது?

காலையில் கடைக்குத் தேநீர் கொண்டுபோனாள். வீட்டின் முன்பக்கம் தெருவைப் பார்த்து இருப்பது பெரியத்தானின் பெயிண்ட் கடை. பெரியத்தான் என்றால் அவள் கணவனுடைய அண்ணன். நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். எதைச் சொல்வதற்கும் முன்னால் பத்து வாக்கியம் சொல்வார் என்பதால் தம்பி அவருக்கு 'முன்னுரை' என்று பெயர் வைத்திருந்தான்.

ஒரு தம்பதி நிற அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அந்தப் பெண் ஒரு நீலத்தைத் தொட்டுக் காட்டினாள். பெரியத்தான் முகம் மலர்ந்து, உங்கள் வீடு, உங்கள் விருப்பம், அதுதான் முக்கியம் என்றார். பிறகு, வடக்குப் பார்த்த சுவருக்கு அந்த நீலம் செத்த நிறமாகிவிடும் என்று தொடங்கி, அவர்களே கேட்டதுபோல ஒரு சந்தன நிறத்தைக் கலக்க ஆரம்பித்தார். அவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

சின்னவள் தம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். மத்தியானத்துக்குப் பிறகு உட்காரலாம் என்றார் அவர், கலக்குகிற கையை நிறுத்தாமல். மனசைக் காலியாக வைத்துக்கொள், அதில் உன் விருப்பம் ஏதாவது மிதந்துகொண்டிருந்தால் எடுத்து வெளியே போடு, அப்போதுதான் ஆண்டவருடைய சித்தம் அடிவரைக்கும் தெரியும் என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அவள் சரி என்றாள். கடையைவிட்டு வெளியே வந்தபோது, காலியான மனசு என்று ஒன்று செத்தவர்களுக்குத்தானே இருக்கும் என்று தோன்றியது.

●

உட்காருவது என்பது இந்த வீட்டின் வழக்கம்.

மாமனார் உயிரோடு இருந்தபோது ஒருமுறை கனவில் லாரியைக் கண்டு, ஆண்டவரே காட்டினார் என்று அடுத்த வாரமே ஒரு லாரி வாங்கினார். அது மழைக்காலம் முழுக்க வீட்டு வாசலில் நின்று, கோழிகளுக்குக் குடியிருப்பாகி, கடைசியில் இரும்பு விலைக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு விதி போட்டார். தேவ சித்தத்தை ஒரே வாயிலிருந்து நம்பக் கூடாது. மூன்று பேர், மூன்று அறையில், ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஜெபித்து, ஆளுக்கு ஒரு வசனம் கொண்டுவர வேண்டும். மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் மூவரும் ஆமென் சொல்வார்கள், காரியம் முடிந்தது. ஒன்று விலகினாலும் அடுத்த வாரம்வரை பொறுக்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்த்தார். யாருடைய காரியமோ, அவர் அந்த மூவரில் இருக்கக் கூடாது. இருதயம் எல்லாவற்றையும்விடத் திருக்குள்ளது, தன்னையே ஏமாற்றக்கூடியது என்று வேதமே சொல்கிறது. லாரி வாங்கியவருக்கு அது நன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து கடை திறந்தது, சின்னவளைப் பெண் பார்த்தது, மாடி எழுப்பியது எல்லாம் அப்படித்தான். ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்று உட்கார்ந்தபோது பெரியத்தான் உறைபனியின் களஞ்சியத்தைப் பற்றிய வசனத்தோடு வந்தார். வாஷிங் மெஷினுக்கு, ஆற்றில் ஏழு தடவை முங்கி எழுந்து சுத்தமானவனின் கதையைத் தம்பி கொண்டுவந்தான். அம்மாவே சிரிப்பை அடக்க முடியாமல் ஆமென் சொன்னார். முதலில் முடிவு, பிறகு வசனம், கப்பலைத் திருப்பிவிட்டுச் சுக்கானைத் தேடுவது மாதிரிதான் என்று அவன் மனைவியிடம் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

மாமனார் போனபிறகு மூவர் என்றால் அம்மா, பெரியவன், சின்னவன். இப்போது சின்னவனும் இல்லை. மூன்றாவது நாற்காலிக்கு யார் என்று போன வாரமெல்லாம் பேச்சு. கடைசியில் பெரியத்தானின் மனைவியை உட்காரச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்னவளுக்கு ஓரகத்தி, டீச்சரக்கா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை.

சின்னவளின் கணக்கு எளிது. அத்தைக்கு மூட்டுவலி, பாதி நாள் எழுந்து நடக்க முடியாது. சின்னவள் போய்விட்டால் குளிப்பாட்டுவது முதல் எல்லாம் டீச்சரக்கா தலையில் விழும், அதுவும் வேலைக்குப் போய் வந்து. அந்த நாற்காலியிலிருந்து என்ன வசனம் வரும் என்று யோசிக்கவே வேண்டாம். மூன்று வாயும் ஒன்று சேரும். ஆமென். அப்புறம் இந்த வீடு, இந்த அறை, இந்தக் கொடியில் காயும் துணி. ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் இதே கொடி.

●

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியத்தான் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். டீச்சரக்கா அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். கூடத்தில் மூன்று நாற்காலிகள்.

சின்னவள் சமையலறையில் நின்றாள். காரியத்துக்குரியவர் கூடத்தில் இருக்கக் கூடாது, ஆனால் காதில் விழுந்தால் குற்றமில்லை. ஈரத் தட்டுகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். பேசுகிறவர்கள் எல்லாரும் அங்கே, கேட்கிறவள் மட்டும் இங்கே. மைக் இல்லாத கட்டுப்பாட்டு அறை.

பெரியத்தான் முன்னுரை ஆற்றினார். ஜெபித்தார். பிறகு அம்மாவைச் சொல்லச் சொன்னார்.

அத்தையின் குரல் அன்று மெலிந்திருந்தது. மனுஷன் மனசுக்குள் தன் வழியைத் திட்டம் போடுகிறான், ஆனால் அவன் அடி எங்கே விழ வேண்டும் என்று நடத்துகிறவர் ஆண்டவர்தான் என்ற வசனம் வந்தது என்றார். அதற்கு விளக்கமும் அவரே சொன்னார். சின்னவள் என்ன திட்டம் வேண்டுமானாலும் போடட்டும். அவள் அடியை இந்த வீட்டில் கொண்டுவந்து வைத்தவர் அவர். எடுக்கச் சொல்லி இன்னும் அவர் சொல்லவில்லை.

இரண்டாவது பெரியத்தான். நீ நடக்க வேண்டிய வழியை நான் உனக்குக் காட்டுவேன், என் கண்ணை உன்மேல் வைத்து ஆலோசனை சொல்வேன் என்ற வசனம். கண் என்றால் என்ன, பார்வை. பார்வை எட்டுகிற தூரத்தில் இருந்தால்தானே ஆலோசனை. ரயிலில் ஒரு பகல் போகிற தூரத்துக்கு யார் பார்வை எட்டும் என்று கேட்டார்.

சமையலறையில் சின்னவள் கையில் இருந்த தட்டு நின்றது. அந்த வசனம் அவளுக்கு மனப்பாடம். அதற்கு அடுத்த வரியும் மனப்பாடம். வாயில் கடிவாளம் போட்டால்தான் கிட்டே வரும் குதிரையைப் போலவும் கழுதையைப் போலவும் இருக்காதே என்று அடுத்த வரி. பெரியத்தான் அதற்கு முன்னாலேயே புத்தகத்தை மூடிவிட்டார். வாசல் தாண்டிப் போய் அந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்கு நாக்குத் துடித்தது. அவளுடைய காரியம். அதனாலேயே அவள் பேசக் கூடாது.

தட்டை அடுக்கில் வைத்தாள்.

"நீ சொல்லும்மா" என்றார் பெரியத்தான் மனைவியிடம்.

பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"உள்ளதைச் சொல்லிடுறேன்" என்றார் டீச்சரக்கா. "அவ போகக் கூடாதுன்னுதான் நான் திறந்தேன். ஸ்கூலுக்கும் போயி, அத்தையையும் பார்த்து, என்னால ஆகாது. அதுக்குத் தோதா ஒண்ணு கிடைச்சா போதும்னுதான் உட்கார்ந்தேன்."

"அதையெல்லாம் ஏன் சொல்றே?"

"சொல்லாம மறைச்சா அந்தப் பாவமும் என் தலையில. கிடைச்சது இது. நீங்களே உங்க மீட்புக்காகப் பயத்தோட நடுக்கத்தோட பாடுபடுங்கன்னு ஒரு வரி. உடனே அடுத்த வரி, ஏன்னா உங்களுக்குள்ள விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குறவர் தேவன்தான்னு."

பெரியத்தான் உற்சாகமானார். அதேதான், செய்கிறவர் தேவன், நம்முடையது ஒன்றுமில்லை, ஆகவே மூன்றும் ஒன்றுசேர்ந்தது என்றார்.

"அதுக்கு மேல் வரி இருக்கே. நீங்க பாடுபடுங்கன்னு."

"அது சும்மா, கீழ் வரிக்கு ஒரு தொடக்கம்."

"என்னங்க, பிள்ளைங்க கணக்குல எனக்குப் பிடிக்காத பாதியை அடிச்சிட்டேன் டீச்சர்னு வந்தா நான் மார்க் போடுறதில்ல. ரெண்டும் ஒரே மூச்சுல வருது. நீயே செய்யுங்கிறார், செய்ய வைக்கிறதும் நான்தான்கிறார். எது எங்க முடியுதுன்னு எனக்குப் புரியல. ஒண்ணு மட்டும் புரியுது. விருப்பத்தைக் கொடுக்கிறவர் அவர்னா, அவளோட விருப்பம் என்னன்னு நம்ம யாரும் இன்னும் கேட்கவே இல்ல."

பெரியத்தான் பதில் சொல்லத் தொடங்கினார். விருப்பம் என்பது இரண்டு வகை, ஆவிக்குரியது, மாம்சத்துக்குரியது என்று ஆரம்பித்தார். அத்தை கையை உயர்த்தினார் போலிருக்கிறது, பேச்சு பாதியில் நின்றது.

"விருப்பத்தையும் அவரே கொடுக்கிறாரா?" என்று கேட்டார் அத்தை.

"அப்படித்தான் எழுதியிருக்கு அத்தை."

"அப்ப என் பிள்ளை அந்த ஏணியில ஏறணும்னு விரும்பினானே. அதைக் கொடுத்தது யாரு?"

அது வேறு விஷயம் அம்மா என்றார் பெரியத்தான். வேளை வந்தது, அழைப்பு வந்தது, யார் தடுத்தும் நின்றிருக்காது என்றார். வருஷம் முழுக்க அந்த வீட்டில் சொல்லப்பட்டது அதுதான். சபையிலும் அதையே சொன்னார்கள். கல்லறைக் கல்லிலும் 'அழைக்கப்பட்டார்' என்ற ஒரு சொல்லை வெட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லில் சாய்ந்துதான் அத்தை எழுந்து நடமாடினார்.

"சின்னவளே, இங்க வா."

அவள் போகவில்லை. விதி இருக்கிறதே என்று பெரியத்தான் சொல்வது கேட்டது. "உங்கப்பா போட்ட விதிதானே. நான் பதில் சொல்லிக்கிறேன். வா."

●

கூடத்தில் நான்காவது நாற்காலி இல்லை. அவள் சுவரோரமாக நின்றாள். கையில் துடைக்கிற துணி அப்படியே இருந்தது.

அத்தை அவள் முகத்தையே பார்த்தார்.

"நீதான் அவன்கூடக் கடைசியாப் பேசினே. நான் ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்ல. இப்பக் கேக்குறேன். அன்னைக்கு அவன் ஏறாம நின்னிருக்க முடியுமா?"

சின்னவளுக்குக் கூடத்தின் சுவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்ததுபோல் இருந்தது.

முடியாது என்று சொல்லலாம். அத்தைக்கு அந்தக் கல்லும் அந்தச் சொல்லும் அப்படியே இருக்கும். ஆனால் அவனுடைய கால் அவன் வசத்தில் இல்லை என்றால் அவளுடைய காலும் அவள் வசத்தில் இல்லை. மூன்று ஆமென், ஐந்து மணி, முடிந்தது. முடியும் என்று சொல்லலாம். அப்போது அவள் நடந்து போகலாம். இந்தக் கிழவியின் மகன், அழைக்கப்பட்டவன், வெறுமே காலை எடுத்துவைத்தவன் ஆகிவிடுவான். தன் கதவைத் திறக்க அவள் அத்தையின் சுவரைத்தான் இடிக்க வேண்டும். வேறு சுவர் இல்லை.

பெரியத்தான் அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்பதுபோல.

கட்டுப்பாட்டு அறையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. இருப்பதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே.

"அரை மணி பொறுத்தா அலை தணியும்னு இருந்துச்சு அத்தை. காத்திருக்கத் தயார்னு கப்பல் கேப்டனும் சொன்னார். ரெண்டையும் அவர்கிட்டச் சொன்னேன். காத்து, அலை எல்லாம் சொன்னேன். மறுபடி சொல்லுங்கன்னார். சொன்னேன். ஏறுறேன்னார்."

"மறுபடி கேட்டானா?"

"ஆமா."

"ரெண்டாவது தடவை எதுக்குக் கேட்டான்?"

எப்போதும் அப்படித்தான் கேட்பார், விளையாட்டுக்கு, என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. இத்தனை மாதமாக அவனுடைய அந்த 'மறுபடி சொல்லுங்க' என்பதைத்தான் அவள் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள். அவள் குரலைக் கேட்கத்தான் அவன் மறுபடி கேட்டான், கடைசியாகக்கூட அவள் குரலுக்காக என்று. அது அப்படி இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"யோசிச்சிருக்கான்" என்றார் அத்தை. "என் பிள்ளை நின்னு யோசிச்சிருக்கான். அந்த நேரத்துல ஒரு வார்த்தை. நில்லுங்கன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

"அத்தை" என்று மெல்ல அதட்டினார் டீச்சரக்கா.

"இருக்கட்டும்க்கா" என்றாள் சின்னவள். "அங்க நாங்க அப்படிச் சொல்லக் கூடாது அத்தை. காத்து எப்படி, அலை எப்படி, எதிர்ல யார் வர்றாங்க, எல்லாம் சொல்லுவோம். எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுவோம். நிக்கிறதும் ஏறுறதும் அவங்க. அதை நாங்க எடுத்துக்கக் கூடாது."

"கண்ணு முன்னால விழப்போறான்னு தெரிஞ்சாலுமா?"

"விழுவார்னு தெரியாது அத்தை. விழலாம்னுதான் தெரியும்."

தெருவில் யாரோ கடைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியத்தான் எழுந்திருக்கவில்லை.

"ஆண்டவரும் அப்படித்தானோ?" என்றார் அத்தை கடைசியில். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. "எல்லாத்தையும் சொல்லிட்டுச் சும்மா இருந்துட்டாரோ?"

பெரியத்தான் வாயைத் திறந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு முன்னுரை வரவில்லை.

அத்தை நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். சின்னவள் தாங்கப் போனாள். அவள் கையை அத்தை உதறவில்லை, பிடிக்கவும் இல்லை. சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ் விழுந்த சத்தம் கேட்டது.

●

மூவரும் ஆமென் சொல்லவில்லை, ஆகவே தீர்மானம் இல்லை, அடுத்த வாரம் மறுபடி உட்கார வேண்டும் என்றார் பெரியத்தான். விதியைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. அடுத்த வாரம் அந்த இடம் இருக்காதே என்று டீச்சரக்கா சொன்னார். இருக்க வேண்டியதாக இருந்தால் இருக்கும் என்றார் அவர். பிறகு தம்பி மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்மா. அவங்களுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"கேட்டாங்க பெரியத்தான்."

"கேப்பாங்க. நாமதான்..." அவர் முடிக்கவில்லை. நகத்தில் இருந்த சந்தன நிறத்தைச் சுரண்டிக்கொண்டே கடைக்குப் போனார். கதவை ஏற்றுகிற சத்தம் கேட்டது.

டீச்சரக்கா மூன்று நாற்காலிகளையும் சுவரோரம் தள்ளினார். தொலைபேசி இருந்த முக்காலியின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாததுபோல மறுபடி பிரித்தார்.

"என் வசனத்தை நான் சொல்லிட்டேன்" என்றார், அவளைப் பார்க்காமல். "அதுக்கு மேல என்னைக் கேட்காதே. நீ போனா நான் உன்னைத் திட்டுவேன். தினமும் திட்டுவேன். அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

"சரிக்கா."

"சரியாம், சரி" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் மாடிக்குப் போனார்.

கூடத்தில் சின்னவள் மட்டும். கடிகாரத்தில் ஐந்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. மனசைக் காலியாக வைத்துக்கொள் என்று காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. வைத்துப் பார்த்தாள். காலியாகவில்லை. போக வேண்டும் என்பது அப்படியே இருந்தது. அது யார் கொடுத்தது, எங்கிருந்து வந்தது என்று ஒரு குரலும் வந்து சொல்லவில்லை. காற்றையும் அலையையும் சொல்வதற்குக்கூட அந்த நேரத்தில் யாரும் இல்லை.

எண்களை அழுத்தினாள்.

அதிகாரியம்மாள்தான் எடுத்தார். என்ன முடிவு என்று நேராகக் கேட்டார். வருகிறேன் என்றாள் சின்னவள். நல்லது, திங்கட்கிழமை என்றார் அவர், வீட்டுச் சாவியை வாயில் காவலாளியிடம் கொடுத்து வைப்பதாகச் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் சம்மதம்தானே, பின்னால் பிரச்சினை வரக் கூடாது என்றும் கேட்டார். சின்னவள் வருகிறேன் என்பதை மட்டும் இன்னொருமுறை சொன்னாள். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வைத்துவிட்டார்.

ரிசீவரை வைத்த பிறகும் அவள் கை அதன்மேலேயே இருந்தது. சந்தோஷம் என்று ஒன்று வரும் என்று நினைத்திருந்தாள். காது மட்டும் சுட்டது.

அத்தையின் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். தட்டவில்லை. அவள் அங்கே நிற்பது உள்ளே தெரிந்திருக்க வேண்டும்.

"போன் போட்டியா?" என்று கேட்டது குரல்.

"போட்டேன் அத்தை."

"என்ன சொன்னே?"

"வர்றேன்னு சொன்னேன்."

கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு அதுவும் நின்றது. குரல் இப்போது கதவுக்கு வெகு அருகில், அவள் காதுக்கு நேராக வந்தது.

"நான் இப்ப நில்லுன்னு சொன்னா நிப்பியா?"

கதவுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். நிற்பேன் என்றால் இந்தக் கதவு திறக்கும், அதோடு திங்கட்கிழமை மூடும். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனும் நின்றிருப்பான் என்றும் ஆகும். நிற்கமாட்டேன் என்றால் யார் சொல்லியும் அவன் நின்றிருக்கமாட்டான் என்று அத்தை இன்று இரவு தூங்கலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் போகிறவள் திரும்பி வர ஒரு வாசல் இருக்காது. அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்றால், அவளுக்குத் தெரியவில்லை.

அத்தை காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். கேள்வி இருவருக்கும் நடுவில் கதவைப்போல நின்றது.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து, "புழுக்கமா இருக்கு" என்று கேட்டது.

சின்னவள் கையை நீட்டிச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டாள். உள்ளே மின்விசிறி மெல்லச் சுழலத் தொடங்கியது. வீடு கட்டும்போது ஒயர் இழுத்த ஆள் செய்த தவறு அது. அந்த அறைக்குள் யார் தாழ் போட்டுக்கொண்டாலும் காற்று வேண்டுமென்றால் வெளியே ஒருவர் இருக்க வேண்டும். மாற்றிவிடலாம் என்று மாமனார் சொன்னார். அவனும் சொன்னான். சுவிட்ச் இன்னும் வெளியேதான் இருக்கிறது.